தரையில் மெழுகு

அந்த வீட்டுக்குள் முதலில் காலை வைத்தது என் பேத்தி. நான் வாசலிலேயே நின்று புரோக்கரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைப் பார்ப்பதைவிட புரோக்கர் முகத்தைப் பார்ப்பது லாபம் என்பது என் கட்சி. ஆயுசு பூரா லாரி ஓட்டியவன். சரக்கு ஏற்றிவிடுகிறவன் முகத்தைப் பார்த்தே மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த ஆள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பேத்தி அனிமேஷன் படிக்கிறாள், கடைசி வருஷம். பொம்மையைத் துளி நகர்த்துவாள், ஒரு போட்டோ எடுப்பாள். இன்னும் துளி நகர்த்துவாள், இன்னொரு போட்டோ. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை தானாக நடக்கிற மாதிரி இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால் பொம்மை மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும். அந்த நேரத்தில் நான் மூன்று ஊர் தாண்டியிருப்பேன். சின்னப் பிள்ளையிலிருந்தே அவள் அப்படித்தான்; ஒரு சாமானை எடுத்து வைக்கச் சொன்னால் நகர்த்தி நகர்த்தியே கொண்டுபோவாள். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் எறும்பு.

படித்துத் தேற அவள் சொந்தமாக ஒரு குட்டிப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். விடுதியில் மேல்மாடிப் பிள்ளைகள் குதித்தால் மேஜை ஆடும். மேஜை ஆடினால் அன்றைய வேலை அத்தனையும் போச்சு. தரை அதிராத, வெளிச்சம் புகாத, சத்தம் கேட்காத வீடு வேண்டும் என்றாள். அவள் அம்மா, என் மகள், வேறு ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். மருமகன் கப்பலில். வயசுப் பெண்ணைத் தனியாக விட முடியாது, கிழவனைச் சும்மா உட்கார வைக்கவும் முடியாது என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்து என்னைக் காவலுக்கு அனுப்பினாள் மகள்.

"இந்த வீட்டுல ஒண்ணுமே அசையாது பெரியவரே," என்றான் புரோக்கர்.

"அப்படியா? அப்புறம் ஏன் ஆள் இல்லாம கிடக்குது?"

"வர்றவங்க எல்லாம் காத்து வேணுங்கறாங்க, வெளிச்சம் வேணுங்கறாங்க."

"எங்களுக்கு ரெண்டுமே வேணாம்," என்று உள்ளேயிருந்து எறும்பு கத்தினாள். அவள் பின் அறையைப் பார்த்துவிட்டாள். கதை அங்கேயே முடிந்தது.

பின் அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதையும் கறுப்புக் காகிதம் ஒட்டி அடைத்தாள். சிவப்புச் சிமெண்ட் தரை, கை வைத்தால் ஐஸ் மாதிரி. மெழுகுவத்தியை யாரோ இப்போதுதான் ஊதி அணைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு வாசனை. எத்தனை தரம் கழுவியும் அது போகவில்லை. கழுவும்போதுதான் தரையில் அந்த ஓட்டைகளைப் பார்த்தேன். சுண்டுவிரல் நுழைகிற அகலம். ஜோடி ஜோடியாக, உள்சுவரில் தொடங்கி அறையின் நடுவரை வந்து நின்றிருந்தன. எல்லாவற்றையும் மெழுகு வைத்து அடைத்து, மேலே சிவப்புச் சாயம் தேய்த்திருந்தது.

புரோக்கருக்குப் போன் போட்டேன். கரையானுக்கு மருந்து அடித்த ஓட்டை என்றான். கரையான் மருந்தைச் சுவரோரமாகத்தானே அடிப்பார்கள், நடு அறையில் யார் அடிப்பான் என்றேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

செட் என்று சொல்லி மேஜைமேல் அவள் ஒரு பொம்மை வீட்டை உண்டாக்கினாள். ஒரே அறை. நாற்காலி, விளக்கு, பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், ஒரு கதவு, கதவுக்கு நிஜமான தாழ்ப்பாள். அதற்குள் ஒரு கிழவன். உள்ளே கம்பி, மேலே ஸ்பாஞ்ச், முகம் களிமண். வழுக்கைத் தலை, லாரி கதவில் இடித்து உடைந்த மூக்கு, நீல ரப்பர் செருப்பு. ராஸ்கல், அச்சாக என்னையே செய்து வைத்திருந்தாள். என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் படம் பிடித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"மூக்கு கொஞ்சம் ஓவரா இருக்குதே."

"கம்மி பண்ணித்தான் வெச்சிருக்கேன் தாத்தா."

பொம்மை ஒற்றைக் காலில் விழாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். மேஜைக்கு அடியில் என்னைக் குனியவைத்துக் காட்டினாள். பலகையில் ஓட்டை. கீழேயிருந்து ஒரு ஸ்க்ரூ போய் பொம்மையின் உள்ளங்காலில் முடுக்கியிருந்தது. ஒரு எட்டு வைத்து முடிந்ததும் ஸ்க்ரூவைக் கழற்றி, அடுத்த எட்டுக்கு வேறு ஓட்டை போட்டு முடுக்குவாள். பழைய ஓட்டையில் மெழுகை அடைத்துச் சாயம் தேய்த்துவிடுவாள். கேமராவுக்குத் தெரியாது.

நான் தரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கும் அப்போது முழுசாக உறைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கதை இதுதான். கிழவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவன் எழுந்து, நடந்துபோய்த் திறக்கிறான்.

"தட்டறது யாரு?"

"இன்னும் முடிவு பண்ணல. நீங்க திறந்தாதானே தெரியும்?"

"திறக்காட்டி?"

"நீங்க எப்படித் திறக்காம இருப்பீங்க? நான்தானே உங்க கையைத் தூக்கி வைக்கிறேன்." சிரித்தாள். "பயப்படாதீங்க. ஷாட் முடிஞ்சதும் ஸ்க்ரூவைக் கழட்டிடுவேன். டப்பாவுல பஞ்சு போட்டுப் படுக்க வெச்சிடுவேன். பாவம், நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்ல."

வேலை தொடங்கியதும் அவளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் கதவைச் சாத்தினால் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரே பதில்தான்: "இன்னும் ஒரே ஒரு ஃப்ரேம், தாத்தா." தினமும் ஒரே கறுப்புச் சட்டை. வேறு நிறம் போட்டால் விளக்கு அதில் பட்டுப் பொம்மை முகத்தில் தெரியுமாம். அவள் நிற்கிற இடம் மாறினாலும் நிழல் மாறுமாம். அதனால் பொம்மையை நகர்த்திவிட்டு ஒவ்வொரு தரமும் செட்டுக்குப் பின்னால் ஒரே இடத்தில் போய் நிற்பாள். இரண்டு காலையும் ஒரே குறியில் வைத்து, மூச்சைப் பிடித்து, ஆடாமல் அசையாமல் நிற்பாள். கையில் இருக்கிற ரிமோட்டை அழுத்துவாள். க்ளிக். பிறகுதான் மூச்சு விடுவாள்.

மற்ற பிள்ளைகள் காலுக்குக் குறி வைக்கத் தரையில் டேப் ஒட்டுவார்களாம். இவள் டேப்பை மிச்சம் பிடித்தாள்.

"ஏற்கெனவே ஓட்டை இருக்குதே தாத்தா. சரியா என் கால் அகலத்துக்கு இருக்குது."

நாள் முழுக்க, வாரக்கணக்கில், அந்த அறையில் அவள் பொம்மை மாதிரி நின்றாள். அந்த ஓட்டைகள் மேல்.

ஒரு மத்தியானம் அவளே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். உள்ளே வந்தீர்களா என்று கேட்டாள். உன் கடைக்குள் எனக்கு என்ன வியாபாரம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

அவள் எடுத்த படங்களுக்கு நடுவே அவள் எடுக்காத படங்கள் இருந்தன. அவற்றில் கிழவன் பொம்மை அசையவில்லை. செட்டின் சின்ன ஜன்னலுக்கு வெளியே இருட்டில்தான் மாற்றம். ஒரு படத்தில் கறுப்புச் சட்டையின் தோள். அடுத்ததில் பாதி முகம். அதற்கு அடுத்ததில் முழு முகம். கண் திறந்திருந்தது. கையில் ரிமோட்.

அதை ஓட்டிக் காட்டினாள்.

எறும்பு ஜன்னலுக்கு வெளியே நடந்து போனாள். முட்டி முதலில், பிறகு குதிகால், பிறகு ஒரு சின்ன ஆட்டம். அவள் பொம்மையை எப்படி நடக்க வைப்பாளோ, அதே நடை.

"நான்தான் தாத்தா இது," என்றாள் மெதுவாக. "ஆனா நான் நடக்கல."

தூக்கக் கலக்கம் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, மனுஷன் மேலும் நம்பிக்கை கிடையாது. இரண்டில் மனுஷன்தான் அதிகம் தொந்தரவு செய்தவன். புரோக்கரிடம் மாற்றுச் சாவி இருக்கிறது, எவனோ வந்து விளையாடுகிறான் என்று முடிவு கட்டினேன். அவள் கல்லூரிக்குப் போன அன்று பின் அறைத் தரை முழுக்கச் சமையல்கட்டு மாவைத் தூவினேன். புதுப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்தேன். ஒரு பூனைகூட வரவில்லை.

சாயங்காலம் திறந்தேன். காலடி ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டைகள் இருந்த இடத்தில் எல்லாம் மாவு குழிந்து கீழே இறங்கியிருந்தது. மெழுகைக் காணோம். நான் கழுவியபோது அறை நடுவில் நின்றிருந்த வரிசை இப்போது அவள் நிற்கிற குறியையும் தாண்டி, கதவுப் பக்கமாக ஒரு எட்டு வந்திருந்தது.

பழைய சைக்கிள் கம்பி ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஒரு ஓட்டைக்குள் விட்டேன். போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு அடியில் மண்தானே? மண் தட்டவில்லை. நுனியை மட்டும் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

கம்பி கனத்தது.

கீழே யாரோ அதைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

பிறகு அது என் விரலுக்குள் மெதுவாகத் திரும்பியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவசரமே இல்லாமல், வேலை தெரிந்த கை ஸ்க்ரூவைத் திருப்புகிற மாதிரி.

விட்டுவிட்டேன். கம்பி உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

எறும்பு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஓட்டைமேல் நிற்காதே என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நிற்கிற இடத்தை மாற்றினால் எடுத்த வரைக்கும் நிழல் ஒட்டாது, முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு நாள் இல்லை என்றாள். கிழவன் கதவுக்கு ஒரு எட்டு தூரத்தில் நிற்கிறான், அவ்வளவுதான் மிச்சம் என்றாள். நான் கத்தினேன். அவள் அழுதாள். அழுகிற பிள்ளையிடம் நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்?

அதற்குப் பிறகு வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வண்டிக்காரன் பாஷையில் சொல்கிறேன். நீண்ட ரோட்டில் சில சமயம் கண் அசந்துவிடும். விழித்துப் பார்த்தால் வண்டி ஒரு வளைவையே தாண்டியிருக்கும். நடுவில் ஓட்டியது யார் என்று நினைத்தால் முதுகு சில்லிட்டுப்போகும். எறும்பு சாப்பிட உட்கார்ந்தால் அப்படித்தான் இருந்தது. அவள் கை மேஜைமேல் இருக்கும். நான் கண் சிமிட்டுவேன். கை டம்ளரில் இருக்கும். இன்னொரு சிமிட்டல், டம்ளர் வாயில் இருக்கும். கை மேஜையிலிருந்து டம்ளருக்குப் போனதை நான் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. நடுவில் இருக்க வேண்டிய அசைவு இல்லை.

"கண்ணைப் போய்க் காட்டுங்க தாத்தா," என்றாள். உதடு அசைந்ததா என்று எனக்கு நிச்சயம் இல்லை.

உள்ளங்கால் வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். காலை என் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் நடுவில் வட்டமாக ஒரு குழி. ரத்தம் இல்லை, சீழ் இல்லை, காய்ந்து சுத்தமாக இருந்தது. சிற்பி உளி வைத்தால்கூட அவ்வளவு வட்டம் வராது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எட்டிப் பார்த்துவிட்டு, கால் ஆணி, நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து களிம்பு தடவும்போது குழிக்குள் விரல் பட்டது. விரல் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது. முகர்ந்தேன்.

மெழுகு.

அன்றைக்கே கூட்டாளிக்குப் போன் செய்தேன். என்னோடு லாரி ஓட்டியவன், இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறான். என்னடா, வாடகை கொடுக்காமல் ஓடப் போகிறாயா என்றான். ஆமாம், உன் வேனில்தான் ஓடப் போகிறேன், சீக்கிரம் வந்து தொலை என்றேன். மகளிடமும் பேசினேன். அப்பா, எதற்கும் பயப்படாத ஆள் நீங்கள், உங்களுக்கு என்ன ஆச்சு என்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், மீதியை நேரில் சொல்கிறேன் என்றேன்.

எறும்பு மறுக்கவில்லை. கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். நான் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டி கழுவுகிற சத்தம் கேட்டது.

பின் அறையில், க்ளிக்.

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வழக்கமாக நிற்கிற குறியில் நின்றாள். ரிமோட் மேஜைமேல் இருந்தது. அவள் கை வெறுமையாகத் தொங்கியது.

"வா போகலாம்," என்றேன்.

"தாத்தா, என்னால வர முடியல."

அதை அவள் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. பயந்து சொல்லவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன் என்கிற மாதிரி, களைத்துப்போய்ச் சொன்னாள்.

தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. குனிந்து காலைப் பிடித்துத் தூக்கினேன். சரக்கு மூட்டை தூக்கிய கை இது. பாதம் தரையிலிருந்து ஒரு நூல்கூட எழும்பவில்லை. காதைத் தரையில் வைத்தேன்.

கீழே திருகுகிற சத்தம். கிர்ர். கிர்ர். நிதானமாக.

க்ளிக்.

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. எறும்பு ஒரு எட்டு முன்னால் நின்றாள். அவள் முன்பு நின்ற இடத்தில் இரண்டு ஓட்டைகள், புது மெழுகு வைத்து அடைத்திருந்தது.

"தாத்தா, கண்ணை மூடாதீங்க."

"மூடலடா கண்ணு. மூடவே இல்ல."

க்ளிக்.

இன்னொரு எட்டு. நான் இப்போது கதவோரம் இருந்தேன். என் கை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் நீட்டவில்லை. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், என் கை என் சொல்லைக் கேட்கவில்லை. அவள் கண் மட்டும் என்னைப் பார்த்தது. அதில் தண்ணீர் கோத்து நின்றது, விழவில்லை. அந்தத் தண்ணீரைக்கூட ஏதோ பிடித்து வைத்திருந்தது.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். வாய் திறந்திருந்தது. சத்தம்தான் வரவில்லை.

க்ளிக்.

அப்போதுதான் கூட்டாளி வந்தான். அவனுக்குக் கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. வாசல் கதவை உதைத்துத் திறந்துகொண்டு, எங்கடா போய்த் தொலைந்தாய் என்று பின் அறைக் கதவையும் தள்ளினான். வெயில் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. எறும்பு அடிக்கடி சொல்வாள், ஒரு கோடு வெளிச்சம் உள்ளே வந்தாலும் ஷாட் கெட்டுப்போகும் என்று.

கெட்டது. அவள் துவண்டு விழுந்தாள். நானும் விழுந்தேன். அவளை அள்ளி வேனில் போட்டோம். மேஜையில் கிழவன் பொம்மை கதவுக்கு முன்னால் கையைத் தூக்கியபடி நின்றது. தாழ்ப்பாளைத் தொடுவதற்குத் துளி இடைவெளி. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறோம். அடுக்குமாடி, மேல்தளம். காற்று, வெளிச்சம் எல்லாம் உண்டு. எறும்பு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உட்காரவைத்தால் உட்காருவாள். கையைத் தூக்கிவிட்டால் தூக்கினபடி இருக்கும். பேச்சு இல்லை. ஊட்டினால் விழுங்குவாள். மகள் தன் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்கள் எல்லாரிடமும் காட்டிவிட்டாள். அதிர்ச்சி என்றார் ஒருவர். மூளையில் ஒன்றும் இல்லை என்றார் இன்னொருவர். தானாகச் சரியாகும் என்றார்கள் எல்லாரும். நான் நடந்ததைச் சொன்னேன். மகள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளே கேட்டாள். "அப்பா, பாப்பா தலையை நீங்க திருப்பி வெச்சீங்களா?"

"இல்லை."

"காலையில ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தா. இப்ப உங்களைப் பார்க்குறா."

பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவளுக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிந்து என்ன செய்ய?

ஒரு நாள் மெழுகு வாசனை வந்தது. என் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். டைல்ஸ் தரையில் இரண்டு ஓட்டைகள். விரலால் தடவினால்தான் தெரியும், அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருந்தது. கீழ்வீட்டுக்காரரிடம் போய், உங்கள் கூரையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். பாவம், நல்ல மனுஷர், பார்க்கவிட்டார். கூரை வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

திரும்பி வந்து என் நீல ரப்பர் செருப்பை அந்த ஓட்டைகள் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாகப் பாதத்தின் நடுவில் வந்தன.

வாரத்துக்கு ஒரு ஜோடி கூடுகிறது. நாற்காலியிலிருந்து மேஜையோரம். மேஜையோரத்திலிருந்து அலமாரி. கிழவன் நடை, எட்டு சின்னதுதான். எங்கே போகிறது என்று அளந்து பார்க்க வேண்டியதில்லை. இந்த வீட்டுக்கு வாசல் கதவு ஒன்றுதான்.

நாற்காலியை மாற்றிப் போட்டேன். மறுநாள் அது பழைய இடத்திலேயே இருந்தது. வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு ஜோடி கூடும்போதும் எறும்புக்குக் கொஞ்சம் தேவலை. முதலில் விரல் மடக்கினாள். பிறகு கண் சிமிட்டினாள், நிஜமான சிமிட்டல். நேற்று, கோத்து நின்ற அந்தக் கண்ணீர் கடைசியில் விழுந்தது. மகள் அதைத் துடைக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். ஷாட் முடிந்தால்தானே ஸ்க்ரூவைக் கழற்றுவார்கள். எனக்கு அதைச் சொன்னது அவள்தான். நான் எங்கே போக?

இன்று காலை டீயைக் கையில் எடுத்தேன்.

டீ மேஜைமேல் இருந்தது. ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நான் வாசல் கதவுக்கு முன்னால் நின்றேன். என் வலது கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மடக்கி, பதமாகப் பொருத்தியிருந்தது. கட்டைவிரல் மட்டும் இன்னும் மடக்கவில்லை.

வெளியே யாரோ தட்டினார்கள்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவளிடம் சாவி உண்டு. மூன்று விரலால் தட்டுகிற மாதிரி, பொறுமையாக, எனக்கு நேரம் கொடுத்துத் தட்டினார்கள்.

எனக்குப் பின்னால், ஜன்னலோரத்திலிருந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரல் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு ஃப்ரேம், தாத்தா."

தட்டுவது நின்றுவிட்டது. என் கை என்னிடம் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தேன். எறும்பு வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் மண்டியிட்டு அவள் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில் தோல் மூடியிருந்தது. குழந்தைக் கால் மாதிரி மழமழவென்று இருந்தது. இடது காலில் மட்டும் குழி.

பிறகுதான் என் காலைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். மகளிடமும் சொல்லவில்லை. பாப்பா இன்றைக்குத் தானாகவே ஸ்பூனைப் பிடித்தாள் என்று அவள் போனில் யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என்ன சொல்வது?

அந்த நீலச் செருப்பை மட்டும் மத்தியானமே கழற்றி எடுத்துப்போய், தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தேன். குப்பை வண்டி வந்து அதை அள்ளிக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

இப்போது குனிந்து பார்க்கிறேன். செருப்பு என் காலில் இருக்கிறது.